பி.காம் படிப்பும் சஸ்டெயினபிலிட்டி பாடமும்: டர்பனில் வேலை தேடுகிற பிள்ளைக்கு இது உதவுமா?

பிப்ரவரி 11, 2025 (கேள்வி)

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஒரு அப்பா எங்கள் குழுவில் எழுதியிருக்கிறார்: "மகள் பி.காம் இரண்டாம் வருஷம். விருப்பப் பாடமாக சஸ்டெயினபிலிட்டி (சுற்றுச்சூழலையும் சமூகத்தையும் கெடுக்காமல் தொழில் நடத்துவது) எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வரிப் பாடம் எடு, அதுதான் சோறு போடும் என்கிறேன் நான். மரம் நடுவதற்கும் கணக்குப் படிப்பதற்கும் என்ன சம்பந்தம்? வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்."

பிப்ரவரி 11, இரவு

ஆள் எடுக்கிற பக்கம் இருப்பதால் நானே சொல்கிறேன் அண்ணா. பைன்டவுன் பக்கத்தில் பிளாஸ்டிக் பேக்கேஜிங் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நிதிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன்.

வரியா, சஸ்டெயினபிலிட்டியா என்று கேட்கிறீர்கள். இந்த நாட்டில் அந்தக் கோடு 2019 ஜூன் 1-ஆம் தேதியே அழிந்துவிட்டது. கார்பன் வரி அமலுக்கு வந்த நாள் அது. ஒரு டன் கரியமில வாயுவுக்கு 120 ராண்ட் என்று தொடங்கி, 2025-ல் 236 ராண்டானது. 2030-க்குள் 462 என்று முன்கூட்டியே அறிவித்திருக்கிறார்கள். வசூலிப்பது சார்ஸ் என்ற வருவாய்த் துறை, அதாவது உங்கள் மகள் வரிப் பாடத்தில் படிக்கப்போகிற அதே அலுவலகம். 60 சதவீதம் அடிப்படைக் கழிவு, அதற்கு மேல் வேறு வேறு கழிவுகள் என்று முழுக்க முழுக்க கணக்குக்காரர் வேலைதான்.

வரி மட்டும் படித்த பிள்ளைக்குக் கழிவு விதி புரியும், அந்த டன் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. சுற்றுச்சூழல் மட்டும் படித்த பிள்ளைக்கு டன் புரியும், படிவம் புரியாது. இரண்டும் தெரிந்த ஆளைத் தேடித் தேடி அலுத்துப்போயிருக்கிறேன். முடிந்தால் இரண்டு பாடத்தையும் எடுக்கச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 12

"கார்பன் வரி பெரிய ஆலைகளுக்குத்தானே, சின்ன கம்பெனிக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி. கொதிகலன், ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து 10 மெகாவாட் வெப்பத் திறனைத் தொட்டால்தான் எரிபொருள் கணக்கில் அந்த வரி நேரடியாக வரும். எங்களைப் போன்ற இடங்களுக்குப் பெரும்பாலும் வராது.

எங்களுக்கு வேறு வழியாக வருகிறது. 1994-ல் முன்னாள் நீதிபதி மெர்வின் கிங் தலைமையில், கம்பெனிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் முதல் கிங் அறிக்கை வந்தது. 2009-ல் வந்த மூன்றாவது அறிக்கை, லாபநட்டக் கணக்கையும் சமூக, சுற்றுச்சூழல் கணக்கையும் ஒரே அறிக்கையில் சொல் என்றது. ஜோஹன்னஸ்பர்க் பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனிகள் அதைப் பின்பற்ற வேண்டும், இல்லையென்றால் ஏன் பின்பற்றவில்லை என்று விளக்க வேண்டும். 2016-ல் நான்காவது வந்தது. எங்கள் கம்பெனி பங்குச்சந்தைப் பட்டியலில் இல்லை. ஆனால் எங்களிடம் டப்பாவும் மூடியும் வாங்குகிற சூப்பர்மார்க்கெட்டுகள் பட்டியலில் இருக்கின்றன. அவர்கள் அறிக்கை எழுத எங்கள் எண்கள் வேண்டும். அதனால் வருஷா வருஷம் ஒரு பெரிய கேள்வித்தாள் வருகிறது: எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை லிட்டர் டீசல், மறுசுழற்சிப் பிளாஸ்டிக் எத்தனை சதவீதம், வெளியே போன கழிவு எங்கே போனது, ஆதாரம் என்ன.

அந்தக் கேள்வித்தாளை நிரப்ப ஒரு ஆள் வேண்டும். வேலை பிறக்கிற இடம் அதுதான். விளம்பரத்தில் "சஸ்டெயினபிலிட்டி அதிகாரி" என்று வராது. "ஜூனியர் காஸ்ட் அக்கவுன்டன்ட்" என்றோ "கொள்முதல் உதவியாளர்" என்றோதான் வரும். பிள்ளைகள் பெயரைப் பார்த்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பிப்ரவரி 15

நேர்காணலில் என்ன கேட்பேன் என்று மூன்று பேர் தனியாகக் கேட்டார்கள். ஒளிக்க ஒன்றுமில்லை, இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு கட்டு மின்கட்டண ரசீது கொடுப்பேன். பெயர், கணக்கு எண் எல்லாம் மறைத்திருக்கும். "எங்கள் நிதியாண்டு ஜூன் 30-ல் முடிகிறது. இந்த வருஷ மின்சாரம் எவ்வளவு, அதனால் எவ்வளவு கரியமிலம்?" இவ்வளவுதான் கேள்வி. கால்குலேட்டர் உண்டு, அரைமணி நேரம் உண்டு.

பாதிப்பேர் முதல் பக்கத்திலேயே தடுக்குவார்கள். ரசீதில் கேவிஏ என்று ஒரு வரி இருக்கும், யூனிட் என்று ஒரு வரி இருக்கும். கேவிஏ என்பது அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் இழுத்த அளவு. யூனிட்தான் பயன்படுத்திய மின்சாரம். இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் போடுவார்கள். கேவிஏ-வையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதில் தப்பில்லை, யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்களா என்று பார்ப்பேன்.

உண்மையான சோதனை உள்ளே இருக்கிறது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று ரசீதிலும் யூனிட் 1,50,000 என்று அச்சு அசலாக ஒரே எண். பக்கத்தில் சின்ன எழுத்தில் "மதிப்பீடு" என்று இருக்கும், அதாவது மீட்டர் படிக்கப்படவில்லை. ஜூலையில் திடீரென்று 2,70,000. மற்ற மாதங்களில் எல்லாம் 1,80,000-ஐ ஒட்டியே இருக்கும். கவனிக்கிற பிள்ளை ஜூலை ரசீதில் விரலை வைத்து, "இதில் 90,000 யூனிட் இந்த மாதத்துது இல்லை, போன மூன்று மாதத்துது" என்று சொல்லும். அந்த 90,000 ஜூன் 30 என்ற கோட்டைத் தாண்டி அடுத்த வருஷத்தில் விழுந்திருக்கிறது. பெரும்பாலும் நிலக்கரியில் ஓடுகிற நம் ஊர் மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ கரியமிலம் என்று வைத்தால் 90 டன். ஒரு வருஷத்துக் கணக்கில் 90 டன் குறைந்தது போலக் காட்டும், அடுத்த வருஷத்தில் கூடியது போலக் காட்டும், தொழிற்சாலையில் ஒன்றுமே மாறியிருக்காது.

இதைக் கண்டுபிடித்த ஒரு பெண்ணை அன்றைக்கே எடுத்துக்கொண்டோம். அவள் சிவியில் சஸ்டெயினபிலிட்டி என்ற சொல்லே கிடையாது. சனிக்கிழமைகளில் சித்தப்பாவின் பட்டறைக்குக் கணக்கு எழுதியவள்.

பிப்ரவரி 16

"அப்படியென்றால் இது வெறும் அக்ருவல்தானே அக்கா, பாடம் எதற்கு?" என்று கேட்ட தம்பிக்கு: ஆமாம், முதல் வருஷம் படித்த அக்ருவல்தான், ரசீது எப்போது வந்தாலும் செலவை அது நடந்த வருஷத்தில் எழுதுவது. அதை யூனிட்டுக்கும் டீசலுக்கும் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது ஒருமுறை காட்ட வேண்டும். அதற்குத்தான் பாடம்.

மார்ச் 2

மேலே எழுதியதைப் படித்துவிட்டுச் சிலர் பிள்ளைகளுக்கு அனுப்பி, "பார், இதைப் படித்தால் வேலை நிச்சயம்" என்கிறார்களாம். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

இந்த நாட்டில் வேலையில்லாதோர் விகிதம் 32 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. பட்டம் வாங்கியவர்களிடையே அது அதைவிட மிகவும் குறைவுதான், ஆனால் அதில் வயதானவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். புதிதாகப் படித்து முடித்த பிள்ளைக்கு நிலைமை அதைவிடக் கடினம். வேலைக்குத் தகுதியாக இருப்பது வேறு, வேலை இருப்பது வேறு. பல்கலைக்கழகம் முதலாவதைத் தரலாம், இரண்டாவது அதன் கையில் இல்லை. இரண்டையும் குழப்பி விளம்பரம் செய்கிற கல்லூரிகள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது. கடன் வாங்கிப் படிக்க வைக்கிற குடும்பத்திடம் விற்கக்கூடிய பொருள் இல்லை அது.

நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரே மதிப்பெண்ணோடு பத்துப் பேர் வந்து நிற்கும்போது, ஒரு தொழிற்சாலையின் எரிபொருளையும் கழிவையும் எண்ணாக்கத் தெரிந்தவருக்குக் கதவு கொஞ்சம் கூடுதலாகத் திறக்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2018-ல் தொடங்கிய, இளைஞர்களுக்கான யெஸ் திட்டத்தில் 12 மாதம் சம்பளத்தோடு வேலை அனுபவம் கிடைக்கும். கம்பெனிக்கும் பி-பிபிஈஈ தரவரிசையில் (கறுப்பின மக்களுக்குப் பொருளாதார வாய்ப்பு தருவதை அளக்கும் தரவரிசை) உதவி. அந்த ஒரு வருஷத்தில் பிள்ளைகளைக் காகிதம் நகலெடுக்க வைக்காமல் இந்தக் கணக்கைக் கொடுத்தால், கம்பெனியின் கேள்வித்தாளும் நிரம்பும், பிள்ளைக்கும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

மார்ச் 9

ஜோஹன்னஸ்பர்க்கில் பாடம் நடத்தும் ஒரு ஆசிரியை நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கமாக: அவர்கள் நிறுவனம் 2007-ல் ஐ.நா. ஆதரவில் தொடங்கிய பொறுப்புள்ள மேலாண்மைக் கல்விக்கான கோட்பாடுகளில் கையெழுத்திட்டிருக்கிறது. ஒரு பருவம் முழுக்க ஒரு தனிப் பாடம் உண்டு. மாணவர்கள் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளையும் ஒப்பிப்பார்கள். ஆனாலும் வேலைக்கு எடுக்கிறவர்கள் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை என்று பிள்ளைகள் வந்து சொல்கிறார்களாம். எங்கே இடறுகிறது என்கிறார்.

அம்மா, நீங்கள் அனுப்பிய வினாத்தாளைப் பார்த்தேன். "விவாதிக்க", "முக்கியத்துவத்தை விளக்குக", "பங்கை ஆராய்க". எல்லாமே கட்டுரை. ஒரு எண்கூட இல்லை. இந்தப் பாடத்தில் 80 வாங்கிய பிள்ளைக்கு பூமி சூடாவது பற்றி என்னைவிட நன்றாகப் பேச வரும். ஆனால் எங்கள் கொள்முதல் மேலாளர், மறுசுழற்சித் துகள் வாங்கினால் கிலோவுக்கு இவ்வளவு கூடுதல், அதை வாடிக்கையாளரிடம் எப்படிக் கேட்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சு உதவாது.

தனிப் பாடமாக ஒதுக்கிவைத்ததில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். காஸ்டிங், அதாவது அடக்கவிலைக் கணக்குப் பாடத்தில் சேதாரம் வருகிறதே, அங்கேயே கழிவின் விலையைச் சொல்லுங்கள். அச்சில் வார்த்த மூடி பழுதானால் அரைத்து மறுபடி போடுகிறோம். அதற்கு மின்சாரம், ஆள்கூலி, தரக்குறைவு எல்லாம் உண்டு. அதை வாங்கிய விலையில் மட்டும் கணக்குப் போட்டால் சேதாரம் மலிவு என்று தோன்றும். சப்ளை செயின் பாடத்தில் 2023 அக்டோபரில் ஐரோப்பா இறக்குமதிப் பொருள்களுக்குத் தொடங்கிய எல்லைக் கார்பன் விதியைச் சொல்லுங்கள். ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து அலுமினியம் கப்பலேறும் மாகாணம் இது. அந்த உலோகத்தோடு அதன் கார்பன் கணக்கையும் இப்போது கேட்கிறார்கள். ஆடிட்டிங் பாடத்தில் 2023 ஜூனில் வந்த, சஸ்டெயினபிலிட்டி, பருவநிலைத் தகவல்களைக் கம்பெனிகள் வெளியிடுவதற்கான ஐஎஃப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2 தரநிலைகளைச் சொல்லுங்கள். தனிப் பாடம் இருந்தால் இருக்கட்டும். அது மட்டும் போதாது.

மார்ச் 10

ஆசிரியை பதில் போட்டிருக்கிறார்: காஸ்டிங் நடத்துகிறவர்களுக்கே இது தெரியாது, அவர்களுக்கு யார் சொல்லித் தருவது? நியாயமான பேச்சு. எங்களைப் போன்றவர்கள் பருவத்துக்கு ஒருமுறை வகுப்புக்கு வர வேண்டும், வெறும் சொற்பொழிவுக்கு இல்லாமல் பழைய ரசீதுகளையும் கழிவுச் சீட்டுகளையும் கையோடு எடுத்துக்கொண்டு. நான் வரத் தயார். வேறு யார் வருவீர்கள்?

மார்ச் 23

இது கொஞ்சம் வழி விலகிப் போகும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

போன வாரம் மெர்பேங்கிலிருந்து ஒரு பெண் நேர்காணலுக்கு வந்தாள். பி.காம் முடித்தவள். சமூக அனுபவம் என்ன என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்றாள். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அவள் பாட்டி வீட்டில் காற்று மோசமான நாட்களை நோட்டில் எழுதி வைப்பார்களாம். எந்த நேரம் நாற்றம், காற்று எந்தப் பக்கம், எந்தப் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது என்று. கூட்டங்களில் அதைப் படித்துக் காட்டுவார்களாம். அவளும் பள்ளி நாளிலேயே அந்த நோட்டில் எழுதியிருக்கிறாள்.

தென் டர்பன் தெரியாதவர்களுக்கு: இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில் குடியிருப்புகள். நிறவெறிக் காலத்தில் நம்மவர்களையும் மற்றவர்களையும் கொண்டுவந்து குடியமர்த்திய இடம். மெர்பேங்கின் செட்லர்ஸ் தொடக்கப்பள்ளியில் 2000-களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருப்பது தெரியவந்தது. அந்த வட்டாரத்து மக்கள் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து ஓர் அமைப்பாகத் திரண்டு போராடினார்கள். அதன் முன்னணியில் நின்ற டெஸ்மண்ட் டிசா, உம்லாசியை ஒட்டிய நச்சுக் கழிவுக் கிடங்கை மூடவைத்த போராட்டத்துக்காக 2014-ல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது பெற்றார். அந்த இரண்டு ஆலைகளிலும் இன்றைக்கு சுத்திகரிப்பு நடக்கவில்லை.

இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு கம்பெனியின் புகை யார் வீட்டு ஜன்னலில் போய் விழுகிறது என்று பாடப்புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. தேதி, நேரம், இடம், சாட்சி எல்லாம் போட்டு ஆண்டுக்கணக்கில் குறிப்பு எழுதுவது அசல் தரவு சேகரிப்பு. ஆனால் அது "படிப்பு" இல்லை, "அனுபவம்" இல்லை என்று பிள்ளைகளுக்கே தோன்றும்படி ஆக்கிவைத்திருக்கிறோம். அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: சிவியில் முதல் வரியாக அதைப் போடு. அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துக் கையில் வைத்துக்கொள்.

வேலை அவளுக்கு எங்களிடம் கிடைக்கவில்லை, இடம் ஒன்றுதான் இருந்தது. வேறு இரண்டு இடங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 12

2022 வெள்ளம் வந்து இன்றோடு மூன்று வருஷம். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். புராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலை தண்ணீரில் மூழ்கி மாதக்கணக்கில் நின்றது, அதை நம்பியிருந்த சின்னச் சின்ன உதிரிபாகக் கம்பெனிகளும் நின்றன.

அதற்குப் பிறகு இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது கேள்விகளே மாறிவிட்டன. கிடங்கின் தரை சாலையைவிட எவ்வளவு உயரம், மழைநீர் வடிகால் எந்த வழி, சரக்கின் எத்தனை சதவீதம் தரைமட்டத்தில் இருக்கிறது, முக்கியமான சப்ளையர் யாராவது ஆற்றோரம் இருக்கிறாரா. பிரீமியம் இந்தப் பதில்களில்தான் தொங்குகிறது. நிதிப் பட்டதாரி ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு கிடங்கைச் சுற்றி வந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். இதையும் சஸ்டெயினபிலிட்டி கல்வி என்றுதான் நான் எண்ணுகிறேன். கார்பன் குறைப்பது மட்டுமே பாடம் என்று நினைத்தால் நம் ஊருக்குப் பாதிப் பாடம்தான் கிடைக்கும்.

மே 5

தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. 2021-ல் இதே நாளில்தான் உற்பத்தியாளர் பொறுப்பு விதி அமலுக்கு வந்தது. பேக்கேஜிங், மின்னணுப் பொருள், விளக்கு ஆகியவற்றைச் சந்தையில் விடுகிறவர்கள், அவை குப்பையான பிறகும் பொறுப்பு ஏற்க வேண்டும். பெட்கோ போன்ற, உற்பத்தியாளர் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளும் அமைப்புகளில் சேர்ந்து டன் கணக்கில் கட்டணம் கட்டுகிறார்கள். பெட், எச்டிபிஈ என்ற பிளாஸ்டிக் வகைகள் ஒவ்வொன்றும் எத்தனை டன் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தப்பாகப் பிரித்தால் பணம் தப்பாகப் போகும்.

பி.காம் பிள்ளைகள் விடுமுறையில் செய்யக்கூடிய அருமையான வேலை இது. ஒரு மாதத்து விற்பனைப் பட்டியலை எடு. ஒவ்வொரு பொருளும் என்ன பிளாஸ்டிக், என்ன எடை என்று எடைபோட்டு எழுது. மூடி ஒரு வகை, பாட்டில் ஒரு வகை, லேபிள் இன்னொரு வகை. விற்பனைப் பிரிவு ஒன்று சொல்லும், ஸ்டோர் ஒன்று சொல்லும். இரண்டையும் ஒத்துப்பார்த்து ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தால் அது சிவியில் எழுதத்தக்க சாதனை.

அப்புறம் ஒன்று. அந்த விதியில் குப்பை பொறுக்கி வாழ்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவர்கள் சேவைக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நாடு முழுக்க அவர்கள் 60,000 முதல் 90,000 பேர் வரை என்பது வழக்கமான மதிப்பீடு. விடியற்காலையில் தள்ளுவண்டியோடு நம் தெருவில் வருகிறவர்கள்தான். எங்கள் மறுசுழற்சித் துகளில் பெரும்பகுதி அவர்கள் கைபட்டு வந்தது. மாணவர்கள் ஒரு காலையாவது அவர்கள் எடைபோட்டு விற்கிற இடத்தில் நின்று, கிலோவுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். எங்கள் கொள்முதல் விலையையும் அந்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எழுதுகிற அறிக்கை வேறு மாதிரி இருக்கும்.

ஜூன் 1

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் முதல் வேலையில் இருக்கும் ஒரு தம்பி: "மேலாளர் கழிவு எண்ணைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்கிறார். வாடிக்கையாளர் கேள்வித்தாளில் மதிப்பெண் கூடுமாம். என்ன செய்வது அக்கா?"

போடாதே. வாயால் சண்டை போடவும் வேண்டாம். "இந்த எண்ணுக்கு ஆதாரச் சீட்டு இதுதான் இருக்கிறது, வேறு சீட்டு இருந்தால் கொடுங்கள், மாற்றுகிறேன்" என்று மின்னஞ்சலில் எழுது. பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் அந்த மின்னஞ்சல்தான் உனக்குப் பாதுகாப்பு.

கல்லூரியில் இதைச் சொல்லித் தருவதில்லை என்பது என் பெரிய குறை. நல்லொழுக்கம் என்று ஒரு அத்தியாயம் இருக்கும், கணக்கு மோசடியில் சிக்கிய ஸ்டைன்ஹாஃப் கம்பெனியின் கதையும் இருக்கும். 2017 டிசம்பரில் அந்தக் கம்பெனி சரிந்தபோது ஓய்வூதியப் பணம் எவ்வளவு போயிற்று என்று எல்லோரும் படித்திருப்பார்கள். ஆனால் 22 வயதுப் பிள்ளை, தகுதிகாண் காலத்தில், வீட்டு வாடகை கட்ட வேண்டிய நிலையில், மேலாளர் முன்னால் நின்று எந்த வார்த்தையில் மறுப்பது என்று ஒத்திகை பார்த்திருக்காது. வகுப்பில் இரண்டு பேரை எழுப்பி நிறுத்தி, ஒருவர் மேலாளராக, ஒருவர் புதுப் பணியாளராகப் பேசச் சொல்லுங்கள். வேலையில் நிலைப்பதற்கும் இது வேண்டும். எண்ணில் கைவைத்து மாட்டிக்கொண்டவர்களை அடுத்த கம்பெனி தொடாது.

ஜூன் 14

ஜோஹன்னஸ்பர்க் ஆசிரியை கடைசியாகக் கேட்டது: இப்படி நடத்தினால் மதிப்பெண் எப்படிப் போடுவது, தேர்வுத் துறை ஒத்துக்கொள்ள வேண்டுமே.

என் யோசனை இது. ஒரு குழுவுக்கு ஒரு சின்னத் தொழில். பேக்கரி, பட்டறை, கோயில் சமையற்கூடம் எதுவானாலும் சரி. ஒரு வருஷத்து மின்சாரம், எரிபொருள், கழிவு மூன்றுக்கும் எண் கொண்டுவர வேண்டும். எண் சரியா என்பதற்குக் கால் பங்கு மதிப்பெண். ஒவ்வொரு எண்ணுக்கும் சீட்டு இருக்கிறதா, மதிப்பீடு என்றால் அப்படியே சொல்லியிருக்கிறார்களா என்பதற்குக் கால் பங்கு. செலவு குறைய ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்லி, அதற்கு என்ன பணம், எத்தனை மாதத்தில் திரும்பும் என்று கணக்குப் போட்டதற்குக் கால் பங்கு. கடைசிக் கால் பங்கை அந்தக் கடைக்காரர் போடட்டும். பிள்ளைகள் சொன்னது அவருக்குப் புரிந்ததா, செய்து பார்ப்பாரா என்று அவரே எழுதித் தரட்டும்.

தேர்வுத் துறைக்கு அந்தக் கடைசிக் கால் பங்குதான் தொண்டையில் சிக்கும் என்று தெரிகிறது. அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். வெளியார் மதிப்பெண் போடக் கூடாது என்றால், அவர் எழுதியதை வைத்து நீங்களே போடுங்கள். விண்ணப்பத்தை எழுதி அனுப்புங்கள், தொழில் துறையின் பக்கமிருந்து ஆதரவுக் கடிதம் நான் தருகிறேன்.